ஒரு பழைய ஏல நோட்டீஸும் கூகுளும்: ஸ்பெயின் வழக்கு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1998 ஜனவரி 19, மார்ச் 9 ஆகிய இரு நாள்களில், பார்சிலோனாவிலிருந்து வரும் லா வான்கார்டியா நாளிதழில் இரண்டு சின்ன அறிவிப்புகள் வெளியாயின. சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்டாமல் விட்ட பாக்கிக்காக ஜப்தியான சொத்து ஏலத்துக்கு வருகிறது என்பது விஷயம். சொத்துக்காரரின் பெயரும் அதில் இருந்தது. நம்மூர்ப் பத்திரிகைகளில் வங்கிகள் போடும் ஏல நோட்டீஸைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பொடி எழுத்து, பெயர், சொத்து விவரம், அவ்வளவுதான். ஏலம் கேட்க நினைப்பவர்கள் படிப்பார்கள், அப்புறம் கடன்பட்டவரின் அக்கம்பக்கத்தார் படிப்பார்கள். மறுநாள் பத்திரிகை பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். ஏலம் கேட்க ஆள் நிறைய வர வேண்டும் என்று ஸ்பெயினின் தொழிலாளர், சமூக விவகார அமைச்சகமே போடச் சொன்ன அறிவிப்பு அது. இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது.

சில வருடங்கள் கழித்து அந்த நாளிதழ் தன் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியது. 1998-இல் அந்த அறிவிப்பைத் தேட வேண்டுமென்றால் நூலகத்துக்குப் போய், தேதி சொல்லி, கட்டைப் பிரித்துப் புரட்ட வேண்டும். அதற்கு முதலில் அப்படி ஒரு அறிவிப்பு வந்தது என்றாவது தெரிந்திருக்க வேண்டும். இணையத்துக்கு வந்த பிறகு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூகுளில் அவர் பெயரை அடித்தால் போதும், ஜப்தி வந்து நின்றது.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வழக்கின் தலைப்பிலேயே அது இருக்கிறது, சட்டம் படிக்கிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழக்கையே குறிப்பிடுகிறார்கள். அவர் இத்தனை வருடம் அலைந்ததே பெயரை அந்த நோட்டீஸிலிருந்து பிரிக்கத்தான் என்பதால், இங்கே மனுதாரர் என்றே வைத்துக்கொள்வோம்.

2009 நவம்பரில் மனுதாரர் நாளிதழுக்கு எழுதினார். ஜப்தி விவகாரம் எப்போதோ தீர்ந்துவிட்டது, இனி அதைக் காட்டிக்கொண்டிருப்பதில் பொருளில்லை என்றார். அமைச்சகத்தின் உத்தரவுப்படி வெளியிட்டது, நீக்க முடியாது என்று பதில் வந்தது. 2010 பிப்ரவரியில் கூகுள் ஸ்பெயினுக்கு எழுதினார். தேடல் சேவையை நடத்துவது கலிபோர்னியாவில் இருக்கும் கூகுள் இன்க் என்று சொல்லி, கடிதத்தை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். பெரிய இடத்தில் எதையாவது கேட்டுப் போனவர்களுக்கு இந்த இரண்டு பதில்களும் பழக்கமானவை. ஒருவர் மேலிடத்து உத்தரவு என்பார், இன்னொருவர் அது எங்கள் செக்‌ஷன் இல்லை என்பார்.

2010 மார்ச் 5 அன்று மனுதாரர் ஸ்பெயினின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தார். நாளிதழ் பக்கத்தை நீக்க வேண்டும், இல்லையென்றால் தேடுபொறிக்குத் தெரியாதபடி செய்ய வேண்டும் என்றும், கூகுள் தன் தேடல் முடிவுகளிலிருந்து அதை எடுக்க வேண்டும் என்றும் கேட்டார். ஜூலை 30-இல் ஆணையம் புகாரை இரண்டாகப் பிளந்தது. நாளிதழ் சட்டப்படி வெளியிட்டிருக்கிறது, அதன் மேல் புகார் நிற்காது. கூகுள் மேல் நிற்கும்.

முதல் பார்வைக்கு விசித்திரமான முடிவு. எழுதியவர் மேல் குற்றம் இல்லை, எங்கே எழுதியிருக்கிறது என்று கைகாட்டியவர் மேல் பொறுப்பு. ஆனால் வழக்கு பிற்பாடு எடுத்த உருவம் முழுவதும் இந்தப் பிளவில்தான் இருக்கிறது. ஆணையம் இரண்டு புகாரையும் ஏற்றிருந்தால், இது பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய வழக்காகப் போயிருக்கும், மனுதாரர் தோற்றிருப்பார் என்றே நினைக்கிறேன். நாளிதழை விட்டுவிட்டதால், தேடுபொறி செய்வது என்ன வேலை என்ற கேள்வி மட்டும் தனியாக மேலே போனது. கூகுள் மேல்முறையீடு செய்ய, ஸ்பெயினின் தேசிய உயர் நீதிமன்றம் கேள்விகளை எழுதி லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தது.

கூகுளின் வாதம்

கூகுள் தரப்பில் சொன்னதைச் சுருக்கினால் மூன்று விஷயம். ஒன்று, தேடுபொறி கண்ணில் பட்ட பக்கங்களையெல்லாம் வகைப்பிரித்து வைக்கிறது, எது தனிநபர் தரவு, எது இல்லை என்று பார்ப்பதில்லை. அதனால் தரவுக்கு நாங்கள் பொறுப்பாளி இல்லை. இரண்டு, ஸ்பெயினில் இருக்கும் எங்கள் அலுவலகம் விளம்பரம் மட்டும்தான் விற்கிறது, தேடல் அமெரிக்காவில் நடக்கிறது, ஸ்பெயின் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது. மூன்று, நீக்க வேண்டுமென்றால் வெளியிட்டவரிடம் போய்க் கேட்க வேண்டும்.

இவை லேசான வாதங்கள் அல்ல. நீதிமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் அட்வகேட் ஜெனரல் நீலோ யாஸ்கினென், 2013 ஜூன் 25-இல் கொடுத்த கருத்தில், ஸ்பெயின் சட்டம் பொருந்தும் என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டு மற்றவற்றில் பெரும்பாலும் கூகுள் பக்கமே நின்றார். அப்போதிருந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 1995-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்பு உத்தரவில் மறக்கப்படும் உரிமை, அதாவது தன்னைப் பற்றிய பழைய தகவலை இனிக் காட்டாதே என்று கேட்கும் உரிமை, என்று பொதுவாக எதுவும் இல்லை என்றார். நீதிமன்றம் பெரும்பாலும் அட்வகேட் ஜெனரலின் வழியிலேயே போகும் என்பதால், கூகுள் ஜெயித்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

2014 மே 13-இல் வந்த தீர்ப்பு மூன்று வாதத்தையும் தள்ளியது.

இரண்டாவது வாதத்தை நீதிமன்றம் கையாண்ட விதம்தான் எனக்குப் பிடித்த பகுதி. தேடல் முடிவு வரும் பக்கத்தைப் பாருங்கள் என்றது. ஒருவர் பெயரைத் தேடினால் முடிவுகள் வருகின்றன, அதே பக்கத்தில், அந்தத் தேடலோடு தொடர்புடைய விளம்பரமும் வருகிறது. அந்த விளம்பரத்தை விற்பது ஸ்பெயின் அலுவலகம். விளம்பரக் காசில்தான் தேடல் ஓடுகிறது, தேடல் இருப்பதால்தான் விளம்பரம் விற்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது, ஆகவே ஸ்பெயின் சட்டம் பொருந்தும். ‘இங்கே வியாபாரம், அங்கே சர்வர்’ என்று எந்த நாட்டுச் சட்டத்துக்கும் சிக்காமல் நழுவுகிற பாதை ஐரோப்பாவில் அன்றோடு மிகவும் குறுகிப்போனது. மறக்கப்படும் உரிமை பற்றி எழுந்த கூச்சலில் இந்தப் பகுதியைப் பலர் கவனிக்கவே இல்லை. என் கணக்கில் தீர்ப்பின் கனமான பாதி இதுதான்.

முதல் வாதத்துக்குப் பதில்: ஒருவர் பெயரை அடித்தவுடன் அவரைப் பற்றி இணையத்தில் அங்கங்கே கிடப்பதையெல்லாம் ஒரே பட்டியலில் கோத்துக் கொடுப்பது தனி வேலை. அந்தப் பட்டியல் இல்லாமல் அந்தத் துண்டுகளை ஒருவர் சேர்த்திருக்கவே மாட்டார், அல்லது படாத பாடு பட்டுத்தான் சேர்த்திருப்பார். அந்த வேலையை எப்படிச் செய்வது, எதற்குச் செய்வது என்று முடிவு செய்வது கூகுள். ஆகவே பொறுப்பாளி அதுதான்.

மூன்றாவது வாதம் அதோடு சேர்ந்தே விழுந்தது. ஒரு தளத்தில் இருப்பது பத்துத் தளத்துக்குப் பரவும், அந்தத் தளங்கள் ஐரோப்பியச் சட்டத்துக்குள் வராமலும் இருக்கலாம், ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டுவிட்டு வா என்றால் பாதுகாப்பு பெயரளவில்தான் மிஞ்சும் என்றது நீதிமன்றம். தேடுபொறி தன் பக்கத்தைக் காட்டக் கூடாது என்று வெளியிட்டவரே சொல்லிவைக்கத் தொழில்நுட்பத்தில் வசதி உண்டு. நோஇண்டெக்ஸ் என்று பக்கத்தின் நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும், பக்கம் தளத்தில் இருக்கும், கூகுளில் வராது. லா வான்கார்டியா 2009-இலேயே அந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால் இந்த வழக்கே பிறந்திருக்காது. அப்படி ஒரு வசதி இருப்பதும் கூகுளின் பொறுப்பைக் குறைக்காது என்று தீர்ப்பு சொன்னது.

மனுதாரருக்கு என்ன கிடைத்தது

பலர் நினைப்பதுபோல் அந்தப் பக்கங்கள் எங்கிருந்தும் அழியவில்லை. நாளிதழின் தளத்தில் அவை அப்படியே இருக்கும். வேறு சொற்களைப் போட்டுத் தேடினால் கூகுளிலேயே வரலாம். மனுதாரரின் பெயரை வைத்துத் தேடும்போது மட்டும் அந்த இணைப்பு பட்டியலில் வரக் கூடாது. 16 வருடம் ஆகிவிட்டது, விஷயம் தனிவாழ்க்கையைத் தொடுவது, பொதுமக்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தனிக் காரணம் இருப்பதாகத் தோன்றவில்லை என்பதால் அவர் கேட்கலாம் என்றது நீதிமன்றம்.

தகவல் பொய்யாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, அதனால் நஷ்டம் வந்தது என்று காட்டவும் வேண்டாம். போதாததாக, பொருந்தாததாக, காலம் கடந்து பொருளிழந்ததாக, அல்லது மிகையானதாக இருந்தால் போதும். ஆனால் கேட்பவர் பொதுவாழ்க்கையில் இருப்பவர் என்றால் தராசு மறுபக்கம் சாயும். மந்திரி ஒருவர் தன் பழைய ஊழல் செய்தியை இந்த வழியில் மறைக்க முடியாது.

சரி, ஒரு மனு இதற்குள் வருமா வராதா என்று முதலில் பார்ப்பது யார்? கூகுள்தான். தீர்ப்பு வந்த மாதக் கடைசியிலேயே கூகுள் ஒரு விண்ணப்பப் படிவத்தைப் போட்டது, முதல் நாளே சுமார் 12,000 விண்ணப்பங்கள் குவிந்தன. ஒவ்வொன்றையும் படித்து, இவர் பொதுமனிதரா, இது பழைய செய்தியா, இன்றும் ஊருக்குத் தேவையா என்று எடைபோடும் வேலை ஒரு தனியார் நிறுவனத்தின் ஊழியர்கள் கைக்குப் போனது. மறுத்தால் விண்ணப்பித்தவர் தன் நாட்டு ஆணையத்துக்குப் போகலாம். ஏற்றுக்கொண்டால், இணைப்பை இழந்த பத்திரிகைக்கு அப்படி எழுதிவைத்த முறையீட்டு வழி எதுவும் இல்லை. இந்தச் சாய்வை நீதிமன்றம் யோசிக்காமல் விட்டது தீர்ப்பின் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன்.

அதன் விளைவு ஜூலையிலேயே தெரிந்தது. பிபிசியின் ராபர்ட் பெஸ்டன் 2007-இல் எழுதிய ஒரு பதிவு, சில தேடல்களில் இனி வராது என்று கூகுளிடமிருந்து அறிவிப்பு வந்தது. மெரில் லிஞ்ச் வங்கியின் தலைவராக இருந்த ஸ்டான் ஓ'நீல் எப்படிப் பதவி இழந்தார் என்பது பற்றிய பதிவு அது. பெரிய வங்கிக்காரர் தன் சரித்திரத்தைத் துடைக்கிறார் என்று பிரிட்டனில் ஒரே அமளி. ஆனால் ஓ'நீல் பெயரைப் போட்டுத் தேடினால் பதிவு வந்துகொண்டுதான் இருந்தது. விண்ணப்பித்தவர் அந்தப் பதிவின் கீழே பின்னூட்டம் எழுதிய யாரோ ஒருவராக இருக்க வேண்டும், அவர் பெயருக்குத்தான் இணைப்பு அறுந்திருக்கிறது என்று பெஸ்டனே பிறகு எழுதினார். ஒரு பக்கம் ஒரு பெயருக்கு மறைந்து இன்னொரு பெயருக்குத் தெரியலாம் என்பது பத்திரிகைக்காரர்களுக்கே பிடிபடாத நேரம் அது.

இப்போதும் ஐரோப்பாவில் இருந்து ஒரு ஆளின் பெயரைத் தேடினால், தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி சில முடிவுகள் நீக்கப்பட்டிருக்கலாம் என்று பக்கத்தின் அடியில் ஒரு வரி வரும். ஏதோ மறைக்கிறார் போல என்று நினைக்க வேண்டாம். எதையும் நீக்கக் கேட்காதவர்கள் பெயருக்கும் அந்த வரி வரும். நீக்கியவரை அது காட்டிக்கொடுக்கக் கூடாதே.

கூகுள் வெளியிட்ட கணக்குப்படி, 2014 மே முதல் ஏறக்குறைய நான்கு வருடத்தில் 24 லட்சம் யூஆர்எல்களை (இணையப் பக்க முகவரிகளை) நீக்கச் சொல்லி விண்ணப்பங்கள் வந்தன, 43 சதவீதத்தை நீக்கினார்கள். பாதிக்கு மேல் நிராகரிப்பு. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஆட்கள். ஆனால் மொத்தத்தில் கால் சதவீதம் மட்டுமே இருந்த ஆயிரம் விண்ணப்பதாரர்கள் சுமார் 15 சதவீத யூஆர்எல்களைக் கேட்டிருந்தார்கள். அந்த ஆயிரத்தில் சட்ட நிறுவனங்களும் பெயர் காக்கும் ஏஜென்சிகளும் நிறைய.

எல்லை எதுவரை

முதலில் கூகுள் தன் ஐரோப்பிய முகவரிகளில் மட்டும் நீக்கியது. முகவரியில் டாட் காம் என்று மாற்றிப் போட்டால் நீக்கியது திரும்ப வந்துவிடும். பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் உலகம் முழுக்க நீக்கச் சொன்னது, கேட்காததால் 2016-இல் ஒரு லட்சம் யூரோ அபராதம் போட்டது. அந்த நிறுவனத்துக்கு அது டீ செலவு. ஆனால் கொள்கை விஷயம் என்பதால் கூகுள் வழக்காடி 2019 செப்டம்பர் 24-இல் ஜெயித்தது. ஒன்றியத்து நாடுகள் அனைத்திலும் நீக்க வேண்டும், அங்கிருப்பவர் சுற்றுவழியில் பார்ப்பதைத் தடுக்கவும் வேண்டும், உலகம் முழுக்க நீக்கும் கட்டாயம் ஐரோப்பியச் சட்டத்தில் இல்லை என்றது நீதிமன்றம்.

மனுதாரர் மறுபடி ஒருமுறை ஆணையத்தின் கதவைத் தட்டினார். இந்த முறை, வழக்கு பற்றி எழுதிய பக்கங்களில் தன்னைப் பற்றி வந்த கருத்துகளை எடுக்கச் சொன்னார். 2015-இல் ஆணையம் மறுத்தது. வழக்கில் பொதுநலன் இருக்கிறது, ஊர் அதைப் பேசத்தான் செய்யும் என்றது. சட்டப்படி சரியான முடிவுதான், இருந்தாலும் பாவம்.

அதே ஸ்பெயின் ஆணையம் 2022 மே மாதம் கூகுளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. காரணம் கேட்டால் தலை சுற்றும். நீக்கச் சொல்லி வந்த விண்ணப்பங்களை, விண்ணப்பித்தவரின் அடையாளம், மின்னஞ்சல், சொன்ன காரணம், யூஆர்எல் எல்லாவற்றோடும், அமெரிக்காவில் இத்தகைய கோரிக்கைகளைச் சேகரித்து வைக்கும் லூமென் என்ற திட்டத்துக்குக் கூகுள் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னவர் இன்னொரு பட்டியலில் ஏறிவிட்டார். அதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்றது ஆணையம்.

இன்று ஐரோப்பாவில் கேட்பது எப்படி

2018 மே 25-இல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 17-ஆம் பிரிவு அழிக்கக் கேட்கும் உரிமையைத் தனியாகவே எழுதிவைத்திருக்கிறது. நிறுவனம் ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், சிக்கலான மனு என்றால் இன்னும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். நம் கணக்கில் நாமே கொடுத்து வைத்த படம், தேடல் வரலாறு, இருப்பிடம் போன்றவற்றை அழிப்பது வேறு வேலை, அதைக் கணக்கின் அமைப்புகளுக்குள் போய் நாமே செய்யலாம். நம்மைப் பற்றி அடுத்தவர் எழுதியது தேடலில் வருவதற்குத்தான் கூகுளின் அந்த விண்ணப்பப் படிவம்.

பொத்தாம்பொதுவாக ‘என்னைப் பற்றி இருப்பதெல்லாம்’ என்று எழுதினால் அப்படியே திரும்பி வரும். யூஆர்எல் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். எந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் வருகிறது என்று சொல்ல வேண்டும், திருமணத்துக்கு முந்தைய பெயரில் வருகிறதென்றால் அதையும். இந்தப் பக்கம் என்னைப் பற்றியதுதான், ஆனால் இத்தனை வருடம் ஆகிவிட்டது, நான் அந்தத் தொழிலில் இப்போது இல்லை என்று ஒவ்வொரு யூஆர்எல்லுக்கும் தனிக் காரணம் எழுதினால்தான் படிப்பவர் எடைபோட முடியும். தகவலே தவறு என்றால் ஆதாரத்தை இணைக்க வேண்டும். வெளிப்படையாகத் தவறு என்று ஆதாரம் காட்டினால் போதும், முதலில் கோர்ட் தீர்ப்பு வாங்கி வரச் சொல்லக் கூடாது என்று 2022 டிசம்பர் 8-இல் அதே லக்சம்பர்க் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கூகுளில் போனது மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கில் இருக்கும், அங்கே தனியாகக் கேட்க வேண்டும்.

பக்கத்தையே மாற்ற வைக்கும் வழியும் பிற்பாடு திறந்தது. பெல்ஜியத்தின் லெ சுவார் நாளிதழ் தன் இணைய ஆவணத்தில் இருந்த பழைய விபத்துச் செய்தியில் ஓட்டுநரின் பெயரை மறைக்க வேண்டும் என்ற பெல்ஜிய நீதிமன்ற உத்தரவை, 2023 ஜூலையில் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் சரி என்றது.

நம் பக்கம்

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இதே கேள்வி வேறு உடையில் வந்தது. குற்ற வழக்கு ஒன்றில் மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர், இணையத்தில் கிடக்கும் தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கச் சொன்னார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி, இதற்கென்று சட்டம் வரட்டும் என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்கவும், தீர்ப்புகளை இணையத்தில் தரும் இந்தியன் கானூன் தளம் அந்தத் தீர்ப்பை எடுக்கவும் உத்தரவிட்டது. அந்த உத்தரவுக்கு உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தடை விதித்தது. நீதிமன்றத் தீர்ப்பு பொது ஆவணம், அதை எப்படி எடுக்கச் சொல்வது என்பது அங்கே எழுந்த கேள்வி.

சட்டம் 2023-இல் வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது, ஆனால் நாம் சம்மதம் கொடுத்துக் கையாளப்பட்ட தரவுக்குத்தான். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, இந்தப் பகுதி நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம்.

ஸ்பெயின் மனுதாரர் நம்மூரில் பிறந்து, இதே புகாரை இந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கூகுளுக்குச் சம்மதம் எதுவும் கொடுக்கவில்லை, ஆகவே 12-ஆம் பிரிவு கைகொடுக்காது. அதற்கும் முன்னால் 3-ஆம் பிரிவு நிற்கிறது. சட்டக் கடமையின் பேரில் ஒருவர் பொதுவில் வெளியிட்ட தரவுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்கிறது அது. அடமானச் சொத்தை வங்கி ஏலம் விட்டால் இரண்டு முன்னணி நாளிதழ்களில், அதில் ஒன்று வட்டார மொழியில், அறிவிப்பு வர வேண்டும் என்று, வாராக்கடனுக்கு அடமானத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. அப்படி வெளியானதை ஒரு நாளிதழ் இ-பேப்பராக ஏற்றிவைத்து, பெயரை அடித்தால் தேடலில் அது வருமானால், இந்தச் சட்டப்படி புகார் கேட்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் வாசலிலேயே மனு திரும்பிவிடும் என்றுதான் சட்டத்தைப் படித்தால் தோன்றுகிறது. மிஞ்சுவது, 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொன்னதை வைத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவது. அந்தப் பாதை எங்கே போகும் என்பது உச்ச நீதிமன்றம் அந்தச் சென்னை வழக்கில் என்ன சொல்லப்போகிறது என்பதைப் பொறுத்தது.